டிரம்மர் போனபோது உடன் போனது என்ன?

வாசகர் கேள்வி: கல்லூரி நாட்களில் தொடங்கிய எங்கள் நால்வர் ராக் குழுவுக்கு இப்போது ஆறு வயது. நான் கிட்டார் வாசிக்கிறேன். பாடல்களையும் பெரும்பாலும் நானே எழுதுகிறேன். எங்கள் டிரம்மர் சென்ற ஆண்டு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். அவர் முறையாகப் படித்தவர் அல்லர், எளிமையாகத்தான் வாசிப்பார். அவருக்குப் பதிலாக வந்திருப்பவர் டிரம்ஸ் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்தவர். வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் க்ளிக் ஒலியைப் போட்டு வாசித்தால் இம்மியும் பிசகமாட்டார். ஆனாலும் பழைய பாடல்கள் அவர் கையில் உயிரற்று ஒலிக்கின்றன. கேட்பவர்களும் அதைச் சொல்கிறார்கள். த ஹூ, த கிளாஷ், ஆர்.ஈ.எம்., கன்ஸ் அன் ரோசஸ் ஆகிய குழுக்களெல்லாம் டிரம்மர் மாறிய பிறகே சரிந்தன என்று எங்கள் பேஸ் கிட்டார் நண்பர் அடித்துச் சொல்கிறார். இது உண்மையா? புதியவரைப் பழையவர் போலவே வாசிக்கச் சொல்வது சரியா? டிசம்பரில் பழைய நண்பர் விடுமுறையில் வருகிறார். அந்த மாத நிகழ்ச்சிக்கு அவரையே உட்காரவைக்கலாமா?
— கோயம்புத்தூர் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

26 ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதுமே என் தொழில். வேறொருவர் எழுந்துபோன ஸ்டூலில் நான் போய் அமர்ந்ததும் உண்டு, என் இடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்ததும் உண்டு. ஆகவே உங்கள் கடிதத்தில் நீங்கள் அதிகம் பேசாத அந்தப் புதிய டிரம்மரின் நிலையையும் சேர்த்தே நினைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

உங்கள் நண்பர் சொன்ன நான்கு குழுக்களும் டிரம்மர் மாறிய பின்னர் மாறிப்போனது உண்மை. ஆனால் அந்த நான்கு குழுக்களிலும் போனது ஒரே பொருள் என்று அவர் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு குழுவில் டிரம்மருடன் தாளத்தின் நடை போயிற்று. இன்னொன்றில் குழுவின் அமைப்பே நிலைகுலைந்தது. மூன்றாவதில் நட்பும் நிதானமும் போயின. நான்காவதில் ஒரு பாடலாசிரியரே போனார். உங்கள் குழுவை விட்டுப் போனது இவற்றுள் எது என்று தெரிந்துகொள்ளாமல் புதியவரைக் குறைசொல்வது, நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது போன்றது.

உங்கள் நிலைக்கு மிக அருகில் இருப்பது கன்ஸ் அன் ரோசஸ் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 1987இல் வெளியான அவர்களுடைய முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஸ்டீவன் ஆட்லர். அவர் வித்தைக்காரர் அல்லர். உங்கள் நண்பரைப் போல எளிமையாகவே வாசித்தார். அதே ஆண்டு இறுதியில் அவர் கையை உடைத்துக்கொண்டபோது, சிண்ட்ரெல்லா குழுவின் பிரெட் கூரி சில நிகழ்ச்சிகளுக்கு அவருடைய இடத்தில் வாசித்தார். குழுவின் கிட்டார் கலைஞர் இஸ்ஸி ஸ்ட்ராட்லின் பிற்காலப் பேட்டியொன்றில் இதை நினைவுகூர்ந்தார். கூரி நேர்த்தியாகவும் சீராகவும் வாசித்தார் என்றும், ஆனாலும் பாடல்கள் கேட்கச் சகிக்கவில்லை என்றும், அவை ஆட்லரின் நடையில் உருவான பாடல்கள் என்பது அப்போதுதான் தமக்கு உறைத்தது என்றும் அவர் சொன்னார். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதும் ஏறத்தாழ இதையேதான்.

அந்த நடை என்பது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனெனில் 'உயிரில்லை' என்று சொல்லி விட்டுவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே கிடைக்காது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 500 மில்லிவினாடி இருக்கிறது. ஹைஹாட்டில், அதாவது காலால் திறந்து மூடும் சிம்பல் ஜோடியில், ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அடி விழுகிறது என்றால், இரண்டாவது அடி சரிபாதியில், அதாவது 250ஆவது மில்லிவினாடியில் விழலாம். திஸ்ர நடையின் சாயலில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, 333ஆவது மில்லிவினாடியிலும் விழலாம். நல்ல ராக் டிரம்மர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவே, முதலாவதற்குக் கொஞ்சம் பக்கமாக, எந்த இசைக்குறிப்பிலும் எழுத முடியாத ஓரிடத்தில் அந்த இரண்டாவது அடியைப் போடுகிறார்கள். ஸ்நேர் என்னும் டிரம்மின் அடியையும் சிலர் ஒரு கண்ணிமைப்பிலும் குறைவான நேரம் தாமதித்து வைக்கிறார்கள். க்ளிக் இவை எதையும் கண்டுகொள்வதில்லை; அது தட்டுகளை மட்டுமே சொல்கிறது. ஆகவே இருவர் ஒரே க்ளிக்குடன் ஒரே பாடலை வாசித்து, இருவரும் இம்மியும் பிசகாமல் இருந்து, ஒருவர் வாசிப்பில் மட்டும் கால் தானாகத் தாளம் போடுவது முற்றிலும் சாத்தியம். உங்கள் புதியவர் பிசகுவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். அதனால்தான் அவர் எந்த இடத்தில் சரியாக இருக்கிறார் என்று கேட்கிறேன்.

1990இல் போதைப் பழக்கத்தின் காரணமாக ஆட்லர் நீக்கப்பட்டு, த கல்ட் குழுவில் வாசித்த மாட் சோரம் வந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரே நாளில் வெளியான இரண்டு ஆல்பங்களில் ஆட்லர் வாசித்த பாடல் ஒன்றே ஒன்றுதான். மற்றவை சோரம் வாசித்தவை. இங்கே ஒரு விஷயத்தை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: அந்த இரண்டு ஆல்பங்களும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. விற்பனையை வைத்துப் பார்த்தால் அதைச் சரிவு என்று சொல்லவே முடியாது. சோரம் பலமும் உறுதியும் உள்ள டிரம்மர். நீண்ட, கனமான பாடல்களுக்கு அவர் பொருந்தினார். ஆனால் பழைய பாடல்களில் இருந்த அந்தத் தள்ளாட்டம், விழுவதுபோல் போய் விழாமல் நிமிரும் அந்தச் சுகம், குறைந்தது. அந்த மாற்றத்தை முதலில் உணர்ந்த ஸ்ட்ராட்லின் 1991 நவம்பரில் குழுவை விட்டே விலகினார். அவர் விலகியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் தாளத்தோடு சேர்ந்து இழையும் கிட்டார் கலைஞருக்கு டிரம்மர் மாற்றம் எத்தனை பெரிய இழப்பு என்பதை நீங்களே இப்போது அனுபவிக்கிறீர்கள்.

த ஹூ குழுவின் கதை வேறு. கீத் மூன் 1978 செப்டம்பர் 7 அன்று, 32 வயதில் இறந்தார். மதுப் பழக்கத்திலிருந்து விடுபடுவதற்காகத் தரப்பட்ட மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியதே காரணம். மூன் தாளத்தைக் காத்து நிறுத்தும் டிரம்மர் அல்லர் என்பதை அந்தக் குழுவைக் கேட்டவர்கள் அறிவார்கள். பெரும்பாலான டிரம்மர்கள் ஹைஹாட்டில் ஊன்றி நிற்கும் இடத்தில் அவர் டாம் என்னும் டிரம்களின் மீதும் சிம்பல்களின் மீதும் உருண்டு ஓடிக்கொண்டிருப்பார். பாட்டின் சொற்களையும் கிட்டாரின் வீச்சையும் துரத்திக்கொண்டு வாசிப்பார். அப்படியானால் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார்? கிட்டார் வாசித்த பீட் டவுன்ஷெண்ட்தான். பேஸ் கிட்டாரில் ஜான் என்ட்விஸ்டில் முன்னணிக் கிட்டார் போலச் சுழன்று வாசித்தார். மற்றக் குழுக்களில் அடித்தளமாக இருப்பவை இங்கே மேல்மாடியில் இருந்தன, மேல்மாடியில் இருப்பது அடித்தளமாக இருந்தது. அந்தக் கட்டடம் நின்றது மூன் என்ற ஒருவர் இருந்ததால்தான்.

அவருடைய இடத்துக்கு வந்த கென்னி ஜோன்ஸ், ஸ்மால் ஃபேஸஸ், ஃபேஸஸ் குழுக்களில் பெயர்பெற்ற, மிகத் திடமான டிரம்மர். அவரைத் தவறான தேர்வு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரியே அவரிடம் நிறைவு கொள்ளவில்லை. என் கருத்து இதில் மாறுபடுகிறது. ஜோன்ஸ் தம் வேலையைச் சரியாகச் செய்தார். மற்ற மூவரும் மூன் இருப்பதாகவே நினைத்துத் தொடர்ந்து வாசித்தார்கள் என்பதுதான் குறை. டவுன்ஷெண்ட் தாளத்தைப் பிடித்தார், ஜோன்ஸும் பிடித்தார். மூன் நிரப்பிவந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. 1981இல் வந்த 'ஃபேஸ் டான்சஸ்', 1982இல் வந்த 'இட்ஸ் ஹார்ட்' ஆகிய இரண்டு ஆல்பங்களிலும் அந்தக் காலியிடத்தை நான் கேட்கிறேன்.

ஆனால் எல்லாப் பழியையும் அந்த மாற்றத்தின் மீது போட முடியாது. மூன் உயிரோடிருந்தபோது வெளியான கடைசி ஆல்பத்தில், 1978இல், ஒரு பாடலின் 6/8 தாளத்தை அவரால் வாசிக்க முடியாமல் போய், டிரம்ஸையே விட்டுவிட்டு அந்த இடத்தில் காலடி ஓசையைப் பதிவுசெய்தார்கள். சரிவு அவர் இருக்கும்போதே தொடங்கிவிட்டிருந்தது. அதன் பிறகு டவுன்ஷெண்ட் 1980இல் தனி ஆல்பம் வெளியிட்டார். அவருடைய அந்தக் காலத்து நல்ல பாடல்கள் பலவும் அதற்குள் போயின. 'ஃபேஸ் டான்சஸ்' ஆல்பத்துக்கு ஈகிள்ஸ் குழுவின் தயாரிப்பாளர் பில் சிம்சிக் வந்தார், ஒலி வழவழப்பாகிவிட்டது. 1979 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அவர்களுடைய நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் உயிரிழந்த துயரமும் அந்தக் குழுவின் மீது கவிந்திருந்தது. இத்தனையும் ஒருவருடைய ஸ்டூலில் கொண்டுபோய் வைப்பது நியாயமாகாது. 1996இல் ஸாக் ஸ்டார்க்கி வந்தபோது மேடையில் அந்தக் குழு மறுபடி மூச்சுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாரின் மகனான அவர் சிறுவயது முதல் மூனை நேரில் பார்த்து வளர்ந்தவர். மூனின் அடிகளை அவர் நகல் எடுக்கவில்லை. அந்தக் குழுவில் டிரம்ஸுக்கு உரிய இடம் எது என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்.

1982 அக்டோபரில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் த ஹூ குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னதாக வாசித்த குழு த கிளாஷ். ஒரே மேடையில் அடுத்தடுத்து இரண்டு புகழ்பெற்ற குழுக்கள். இரண்டிலும் டிரம்ஸின் முன் அமர்ந்திருந்தவர் மாற்றாக வந்தவர். த கிளாஷ் குழுவின் டாப்பர் ஹெடன் அந்த ஆண்டு மே மாதம் ஹெராயின் பழக்கத்தின் காரணமாக வெளியேற்றப்பட்டிருந்தார். அவருக்கு முன்பு முதல் ஆல்பத்தில் வாசித்த டெரி சைம்ஸ் திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். அன்றைய நிகழ்ச்சியின் பதிவு 2008இல் ஆல்பமாக வெளியாயிற்று, கேட்டுப் பாருங்கள். வாசிப்பில் பெரிய குறை எதுவும் இல்லை. கூட்டத்தின் ஆரவாரத்தையும் கேட்கலாம். ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் குழு முடிந்துபோயிற்று.

ஏன் என்றால், ஹெடன் கொண்டுவந்தது தாளம் மட்டும் அன்று. சோல், ஃபங்க், ஜாஸ், ரெகே என எந்த நடையைக் கேட்டாலும் அவரால் வாசிக்க முடிந்ததால்தான், பங்க் குழுவாகத் தொடங்கியவர்கள் 1979இல் 'லண்டன் காலிங்' போன்ற அகலமான ஓர் ஆல்பத்தையும், அடுத்த ஆண்டு 36 பாடல்கள் கொண்ட 'ஸாண்டினிஸ்டா' ஆல்பத்தையும் செய்தார்கள். அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றிப் பாடலான 'ராக் த காஸ்பா'வின் இசை ஹெடனுடையது. மற்றவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்து சேராத ஒரு நாளில் அவர் டிரம்ஸை வாசித்துப் பதிவுசெய்தார். பிறகு அதன் மீது பியானோவையும், அதன் பிறகு பேஸையும் தாமே வாசித்து முடித்தார். அந்தப் பாடல் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் குழுவில் இல்லை. அதன் காணொளியில் டிரம்ஸ் வாசிப்பவராகத் தெரிவது சைம்ஸ். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆயினும் ஹெடன் போனதைக் காரணம் என்பதைவிட, முதல் விரிசல் என்று சொல்வேன். 1983இல் கிட்டார் கலைஞரும் குழுவின் இசையமைப்பாளருமான மிக் ஜோன்ஸையும் நீக்கினார்கள். 1985இல் வந்த கடைசி ஆல்பத்தில் பெரும்பாலும் டிரம் மெஷின்தான் ஒலிக்கிறது. ஜோ ஸ்ட்ரம்மர் பிற்காலத்தில் ஹெடனை நீக்கியதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஒருவரை நீக்குவது எளிது என்று ஒரு குழு ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால் அடுத்தவரை நீக்கவும் அதற்குக் கை கூசுவதில்லை. உங்கள் நண்பர் மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் வேலைக்காகப் போயிருக்கிறார்; இந்தக் கேடு உங்களுக்கு இல்லை. ஆனால் புதியவரை டிசம்பரில் எழுந்திருக்கச் சொன்னால் அதை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆர்.ஈ.எம். குழுவின் பில் பெர்ரி 1995 மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூளையின் இரத்தக்குழாய் வீங்கி வெடித்துச் சரிந்தார். பிழைத்துக்கொண்டு அந்தப் பயணத்தையும் முடித்தார். 1997 அக்டோபரில் விலகினார். தாம் விலகுவதால் குழு கலையும் என்றால் விலக மாட்டேன் என்று மற்ற மூவரிடமும் சொல்லி, அவர்கள் தொடர்வதாக வாக்களித்த பிறகே போனார். அடுத்த ஆண்டு டிரம் மெஷின்களின் துணையோடு அவர்கள் வெளியிட்ட ஆல்பம் முன்னைய அளவுக்கு விற்கவில்லை. அதைச் செய்துமுடிப்பதற்குள் குழு உடைந்துபோகும் நிலைக்கே வந்தது.

இங்கே போனது தாளமா? 1992இல் அவர்கள் வெளியிட்ட 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரும்பகுதியை உருவாக்கியவர் பெர்ரிதான். ஆனால் அதில் தட்டிக்கொண்டே இருப்பது ஒரு மலிவு விலை டிரம் மெஷின். டிரம்மர் ஒருவர் உருவாக்கிய அவர்களுடைய மிகப் பெரிய பாடல்களுள் ஒன்றில் டிரம்மரின் கை பெரும்பாலும் இல்லை. அவர்கள் எல்லாப் பாடல்களையும் நால்வர் பெயரிலும் சமமாகப் பதிவுசெய்து வந்ததால், யார் எதைக் கொண்டுவந்தார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகே தெரிந்தது. பெர்ரிக்குப் பதிலாக மூவர் நால்வர் மாறி மாறி வாசித்தார்கள், எல்லோரும் தேர்ந்தவர்கள். 2003 முதல் பில் ரீஃப்ளின் நிலையாக வாசித்தார். 2008இல் அவரோடு செய்த, 35 நிமிடத்துக்குள் முடியும் வேகமான ஆல்பத்தில் குழு மறுபடி துள்ளியது. 2011இல் சண்டை எதுவும் இல்லாமல் கலைந்தார்கள்.

உங்கள் நண்பர் சொல்லாமல் விட்ட கதைகளும் உண்டு. 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் பீட் பெஸ்டை நீக்கி ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். 1974இல் ரஷ் குழுவின் ஜான் ரட்ஸி விலக, நீல் பியர்ட் வந்து டிரம்ஸோடு பாடல் வரிகளையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஏசி/டிசி குழுவின் ஃபில் ரட் 1983இல் விலகிய பின்னர் குழு மங்கியது என்பார்கள். மங்கல் அவரே வாசித்த அந்த ஆண்டின் ஆல்பத்திலேயே தொடங்கிவிட்டது, அதோடு 1990இல் கிறிஸ் ஸ்லேட் என்ற வேறொரு டிரம்மரோடுதான் அவர்கள் மீண்டும் உச்சிக்கு வந்தார்கள். லெட் ஸெப்பலின் குழுவினர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்ததும், அவரில்லாமல் தொடர்வதில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதை எல்லோருக்கும் விதியாக்க மாட்டேன்.

இவற்றுள் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது நிர்வாணா குழு. 1990 ஏப்ரலில் சாட் சானிங் டிரம்ஸ் வாசித்து, புதிய பாடல்கள் சிலவற்றை விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் பதிவுசெய்தார்கள். பிறகு சானிங் விலக, டேவ் குரோல் வந்தார். 1991இல் உலகப்புகழ் பெற்ற 'நெவர்மைண்ட்' ஆல்பத்தில் குரோல் வாசித்த 'இன் ப்ளூம்' போன்ற பாடல்களின் டிரம்ஸ் அமைப்பு சானிங் முன்பே உருவாக்கியது. அதைக் குரோலே பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறார். பாடலின் உறுப்பாகிவிட்ட அடிகளை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் தம் தோள்பலத்தோடு, தம் அழுத்தத்தில் வாசித்தார். சானிங் போலவே வாசிக்க அவர் முயலவில்லை; சானிங் அமைத்ததைத் தூக்கி எறியவும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே என் பதில். எனக்கு 23 வயதாக இருந்தபோது, நன்றாகப் பெயர்பெற்றிருந்த ஒரு குழுவில் விலகியவருக்குப் பதிலாகச் சேர்ந்தேன். அவர் வாசித்த ஒலிநாடாவைக் கையில் கொடுத்து, இப்படியே வேண்டும் என்றார்கள். எட்டு மாதம் இரவும் பகலும் கேட்டு, ஒவ்வொரு ரோலையும் அப்படியே வாசித்தேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் 'ஏதோ குறைகிறது' என்றார்கள். எது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் அடிகளைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். அந்த அடிகளை அவர் ஏன் அங்கே வைத்தார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில் என் கை இறுகிப்போய், எனக்கென்று இருந்த நடையையும் இழந்து, அதை மீட்க இரண்டு ஆண்டு ஆயிற்று. உங்கள் புதியவருக்கு அந்த நிலையைத் தயவுசெய்து உண்டாக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். பழைய டிரம்மரோடு வாசித்த ஒத்திகைப் பதிவுகள் உங்கள் கைபேசியில் நிச்சயம் இருக்கும். அவற்றுள் நன்றாக அமைந்த ஒன்றை எடுத்து, நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து, பாட்டையும் கிட்டாரையும் விட்டுவிட்டு, காலால் மிதித்து வாசிக்கும் கிக் டிரம்மையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இரண்டும் ஒன்றாக விழுகின்றனவா, அல்லது பேஸ் சற்று முந்தியும் கிக் சற்றுப் பிந்தியும் விழுகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு தட்டினால் வேகத்தைக் காட்டும் செயலி ஒன்றில், சரணத்துக்கும் பல்லவிக்கும் தனித்தனியே தட்டிப் பாருங்கள். பல்லவி வரும்போது உங்கள் பழைய நண்பர் நிமிடத்துக்கு மூன்று நான்கு தட்டு வேகம் கூட்டியிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். முறையாகப் படிக்காத, பாட்டை மட்டுமே கேட்டு வாசிக்கும் டிரம்மர்களிடம் அது மிகச் சாதாரணம், பல பாடல்களில் அதுதான் சுகமும்கூட. இப்போது புதியவரைக் க்ளிக்குக்குள் கட்டிவைத்திருக்கிறீர்கள். அவர் அந்த இடத்தில் கூட்டவே முடியாது. அப்படியென்றால் குறை அவரிடம் இல்லை, நீங்கள் மாட்டிவிட்ட க்ளிக்கில் இருக்கிறது. ஒத்திகையில் அதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள்.

உங்களைக் குறித்தும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு ஆண்டுகள் ஒருவரோடு வாசித்தவர் தம்மை அறியாமலே அவர் மீது சாய்ந்துகொள்கிறார். உங்கள் வலது கை ஸ்ட்ரம் செய்வதில் இழுக்கும் குணம் இருந்து, பழையவர் அதைத் தாங்கி உடன் இழுத்திருந்தால், புதியவர் நேராக வாசிக்கும்போது அவர் ஓடுவதாக உங்களுக்குத் தோன்றும். டிரம்ஸ் இல்லாமல் நீங்களும் பேஸ் கலைஞரும் மட்டும் ஒரு பாடலை முழுதாக வாசித்துப் பதிவுசெய்யுங்கள். பாடல் அப்போதும் தள்ளாடினால், தாளம் குழுவில் ஒருவரிடம் மட்டுமே இருந்திருக்கிறது என்று பொருள்.

பழைய பாடல்களில் மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். வைத்துக்கொண்டவற்றில், கேட்பவர்கள் வாயாலேயே தட்டிக்காட்டும் அளவுக்குப் பாடலோடு ஒட்டிவிட்ட அடிகள் எவை என்று நால்வரும் பேசி முடிவுசெய்து, அவற்றை மட்டும் காப்பாற்றச் சொல்லுங்கள்; மீதி புதியவருடையதாக இருக்கட்டும். கூடவே இரண்டு புதிய பாடல்களைத் தொடங்குங்கள். வழக்கம்போல் உங்கள் கிட்டாரிலிருந்து தொடங்காமல், அவரை ஒரு நடையைத் தனியாகப் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லி, அதன் மீது நீங்கள் போய்ச் சேருங்கள். கிரேடு தேர்வுகளுக்காகப் படித்தவர்கள் பலரிடம் யாரும் கேட்காததால் வெளிவராமலே கிடக்கும் நடைகள் நிறைய இருக்கின்றன. அந்த இரண்டு பாடல்களும் அவருடைய உடம்பில் பிறந்தவையாக இருக்கும். அவற்றில் உயிர் இல்லையென்று யாரும் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு பேசலாம். பாடலில் அவர் பங்கு இருந்தால் அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

டிசம்பர் நிகழ்ச்சிக்கு வருகிறேன். பழையவரை முழு நிகழ்ச்சிக்கும் உட்காரவைக்காதீர்கள். ஓராண்டாக உங்களோடு வாசிக்காத அவருக்கும் அது நல்லதில்லை. சபை முன் எழுந்து நிற்க வேண்டியவருக்கு அது அவமானம். ஆனால் அவர் ஊருக்கு வந்திருந்தும் மேடை ஏறாமல் போனால் நீங்கள் நால்வருமே வருந்துவீர்கள். பில் பெர்ரி விலகிய பின்னரும் சில தருணங்களில் தம் நண்பர்களோடு மேடையேறினார். 2007இல் ராக் இசைக்கான புகழ்க்கூடத்தில் ஆர்.ஈ.எம். சேர்க்கப்பட்டபோது வந்து வாசித்தார். 2024 ஜூனில் பாடலாசிரியர்களுக்கான புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டபோதும் நால்வரும் சேர்ந்து ஒரு பாடலை வாசித்தார்கள். அப்படி ஒரே ஒரு பாடலுக்கு, நிகழ்ச்சியின் கடைசியில், அவரை அழையுங்கள். இதை முதலில் புதியவரிடம் பேசுங்கள். எந்தப் பாடல் என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். பழையவர் வந்து அமரும்போது ஸ்டூலின் உயரத்தையும் ஸ்நேரின் சாய்வையும் மாற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் பிடிக்கும். அதைப் புதியவரே அவருக்குச் சரிசெய்து கொடுக்கட்டும். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் மைக்கின் முன் வந்து, இருவர் பெயரையும் சபைக்குச் சொல்லுங்கள்.